தர்ஷினியின் கடைவாய்ப் பல்

என் மகள் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த எட்டு மாதங்களில் நான் அவள்மீது என்னென்ன சந்தேகப்பட்டேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எழுதினால் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளத் தோன்றும்.

முதலில் காதல் என்று நினைத்தேன். தர்ஷினிக்குப் பதினாறு வயது, நான்காம் படிவம். போனில் எதையோ படித்துக்கொண்டே இருப்பாள். நான் அறைக்குள் நுழைந்தால் திரையை அணைத்துவிடுவாள். பிறகு வேப், அதாவது மின்சிகரெட் என்று நினைத்தேன். கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கடைவரிசையில் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் நின்று புகை விடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவனைச் சுற்றி மாம்பழ வாசம், இன்னொருத்தியைச் சுற்றிப் புதினா வாசம். தர்ஷினியின் வாயிலும் எந்நேரமும் புதினா வாசம் அடித்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் பையைத் துழாவினேன். வேப் இல்லை. இருபது முப்பது மிட்டாய்த் தாள்களும் பாதி காலியான வலி மாத்திரை அட்டையும் இருந்தன. உடனே என் சந்தேகம் மாத்திரைக்குத் தாவியது. என் அலமாரியில் இருந்த மாத்திரைகளை எண்ணி வைக்க ஆரம்பித்தேன்.

முகக்கவசம் இன்னொன்று. பெருந்தொற்று முடிந்து ஊரே கழற்றிப் போட்டுவிட்டது. இவள் மட்டும் பள்ளிக்கும் கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் கருப்புக் கவசத்தோடுதான் வந்தாள். கல்யாணப் படத்தில் எல்லாரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்க, இவள் கண் மட்டும் தெரிகிறது. தமிழ்ப்பள்ளியில் படித்தபோது பேச்சுப்போட்டிகளில் கோப்பை வாங்கியவள், இடைநிலைப்பள்ளியின் தமிழ்க் கழகத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்கினாள்.

என் வேலையும் இதற்கு ஒரு காரணம். போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ஆவணங்களைச் சரிபார்க்கிறேன். ஒரு தாளில் ஒரு எடையும் இன்னொரு தாளில் வேறு எடையும் இருந்தால், சுங்கத்துறை பிடிப்பதற்கு முன் நான் பிடிக்க வேண்டும். பதினைந்து வருடங்களாக அதே வேலை. அந்தக் கண் வீட்டுக்கும் என்னோடு வந்துவிட்டது. என் கணவர் குமரன் அப்படி இல்லை. அவர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நான் மகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, வயசு லா, விடு என்பார். அவர் அப்படி விட்டுக்கொடுப்பதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை தர்ஷினியின் இடது கன்னம் வீங்கியிருந்தது. நெட்பால் பயிற்சியில் பந்து பட்டுவிட்டது என்றாள். நான் ஐஸ் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் எதையும் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை விடிந்தபோது வீக்கம் கன்னத்தில் இருந்து தாடைக்குக் கீழே இறங்கி, கழுத்தின் மறுபக்கம் வரை பரவியிருந்தது. தோல் சிவந்து பளபளத்தது. உடம்பு கொதித்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அம்மா" என்று கூப்பிட்ட குரல் அவளுடையது போலவே இல்லை. நாக்குக்கு இடமில்லாமல் பேசுவது போல இருந்தது.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் என்னையும் அவளையும் இறக்கிவிட்டு, குமரன் காரை நிறுத்தப் போனார். முகப்பில் இருந்த மருத்துவ உதவியாளர் என்ன நடந்தது என்று மலாயில் கேட்டார். பந்து பட்டது, சனிக்கிழமை என்றேன். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே குமரன் மூச்சிரைக்க ஓடி வந்தார். நான் சொன்னதைக் கேட்காமலேயே, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள், வெள்ளிக்கிழமை என்றார்.

உதவியாளர் பேனாவை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். தாள்களில் இரண்டு எடை இருக்கும்போது நான் பார்க்கும் பார்வை அது.

தர்ஷினியைத் தள்ளுபடுக்கையில் உள்ளே கொண்டுபோனார்கள். சிறிது நேரத்தில் டாக்டர் பவித்ரா என்ற இளம் மருத்துவர் வெளியே வந்தார். குமரனை வெளியில் இருந்த பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். தர்ஷினியால் வாயைத் திறக்க முடியவில்லை, ஒரு விரல் நுழையும் அளவுகூட இடைவெளி இல்லை என்றார். இடது மேல்கையில் கன்றிப்போன தழும்புகள் இருக்கின்றன, விரல் பதிந்தது போல, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. வீட்டிலும் அவள் நீளக்கைச் சட்டைதான் போட்டிருந்தாள்.

"ஆன்டி, இது நான் எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விதான். வீட்ல அவளை யாராச்சும் அடிப்பாங்களா?"

நான் இல்லை என்றேன்.

"அப்பா?"

திரை சரியாக மூடப்படவில்லை. அதன் இடுக்கு வழியாகக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் குமரன் தெரிந்தார். தள்ளுபடுக்கையில் ஏற்றும்போது கழன்று விழுந்த தர்ஷினியின் செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். லிஃப்ட் கம்பிகளை இழுத்துக் காய்த்துப்போன கைகள். பாத்ரூமில் விழுந்ததாக ஏன் என்னிடம் சொல்லவில்லை? இரண்டு வாரத்துக்கு முன் போனுக்காக அவளை ஒரு சத்தம் போட்டாரே, அதற்குப் பிறகு அவள் அவரோடு சரியாகப் பேசினாளா? வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வர எட்டு மணி ஆனது. அதுவரை வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான். ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பதினெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவரை, ஒரு நிமிடத்துக்குள் ஒரு கோப்பாக்கிவிட்டேன்.

"தெரியல" என்றேன்.

டாக்டர் தலையசைத்து அதை எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே போய், ஒரு தாதியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தர்ஷினியின் கையில் அவளுடைய போனைக் கொடுத்து, நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வழக்கப்படி ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டியிருக்கிறாள். பின்னர் அதை எனக்குக் காட்டினார்கள். "யாரும் அடிக்கல. பல்லு."

நான் அதையும் நம்பவில்லை. அப்பாவைக் காப்பாற்றப் பொய் எழுதுகிறாள் என்றே நினைத்தேன்.

ஸ்கேன் எடுத்த பிறகு வாய், தாடை அறுவை செய்யும் மருத்துவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் மலாய்க்கார அம்மையார், மெதுவாகப் பேசுபவர். ஒரு தாளில் பல்லை வரைந்து எங்கள் இருவருக்கும் விளக்கினார். சொத்தை முதலில் பல்லின் மேலோட்டைத் துளைக்கும். அப்போது கூச்சம் மட்டும்தான் இருக்கும். பிறகு உள்ளே நரம்பும் ரத்தமும் இருக்கிற சதைக்குப் போகும். அப்போது உயிர் போகிற வலி. ஒரு நாள் அந்த வலி திடீரென்று நின்றுவிடும். ஆறிவிட்டதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். நரம்பு செத்ததால் நின்ற வலி அது. அதன் பிறகு சீழ் வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி, வெளியேற வழி தேடும். தர்ஷினிக்கு அது தாடைக்குக் கீழே, நாக்குக்கு அடியில், கழுத்துக்குள் வழி கண்டிருக்கிறது. தாடைத் தசைகள் இறுகிவிட்டதால்தான் வாய் திறக்கவில்லை. வீக்கம் இன்னும் கொஞ்சம் பெருத்தால் மூச்சுக்குழாய் அடைபடும் என்றார்.

பல்வலிக்கு எதற்குக் கழுத்தை வெட்ட வேண்டும் என்று கேட்டேன். அறுவை செய்து பழகுவதற்கு என் பெண்தான் கிடைத்தாளா என்ற நினைப்பு எனக்குள் ஓடியது. அது குரலிலும் வந்திருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. சீழ் இருக்கும் இடம் கழுத்து, அதை வெளியே விட வேறு வாசல் இல்லை என்றார். ஒப்புதல் தாளை வரிவரியாகப் படித்தேன். மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும், அதனால் விழித்திருக்கும்போதே சின்னக் கேமராவோடு மூக்கு வழியாகக் குழாய் விடுவோம், அது முடியாவிட்டால் கழுத்தில் துளை போட வேண்டி வரும் என்று இருந்தது. கடைசி வரியில் இறப்பு என்ற சொல்லும் இருந்தது. குமரன் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். அது பயத்தினாலா, வேறு எதனாலா என்று அப்போதும் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அறுவை அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு நாங்கள் உட்கார்ந்தோம். யார் அப்படி முதலில் உட்கார்ந்தது என்று நினைவில்லை. பதினோரு மணி வாக்கில் மருத்துவமனையின் சமூகநல அதிகாரி ஒரு பெண் வந்து, குமரனைத் தனியாகப் பேச அழைத்துப் போனார். நாற்பது நிமிடம். திரும்பி வந்தவர் கீழே போய், பிளாஸ்டிக் பையில் கட்டிய பாலில்லாத் தேநீர், தே ஓ, இரண்டு வாங்கி வந்தார். ஒன்றை அந்தக் காலி நாற்காலியின் கைப்பிடியில் மாட்டினார். நான் அதைத் தொடவில்லை. அவரும் குடி என்று சொல்லவில்லை.

அதன் பிறகு அதிகாரி என்னையும் அழைத்தார். எங்கள் வீட்டில் யார் சமைப்பது, யார் கண்டிப்பது, பிள்ளை யாரோடு அதிகம் பேசும் என்றெல்லாம் கேட்டார். எல்லாக் கேள்விக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னேன். கடைசியாகச் சொன்ன பதில், அவள் யாரோடும் பேசுவதில்லை என்பது. சொன்ன பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட பதில் என்று எனக்கே உறைத்தது.

மதியம் மூன்று மணிக்கு அறுவை முடிந்தது. இரண்டு பற்களைப் பிடுங்கி, தாடைக்குக் கீழே இரண்டு இடத்தில் கீறி, சீழ் வடிவதற்கு ரப்பர்க் குழாய் வைத்திருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்கில் குழாயோடு அவள் இரண்டு நாள் கிடந்தாள். அந்த இரண்டு நாளும் நான் அங்கிருந்த இயந்திரங்களையும் தாதிகளையும் மருந்துப் பைகளில் எழுதியிருந்த பெயர்களையும் சந்தேகித்தேன். ஒவ்வொரு பையிலும் என் மகளின் பெயரும் அடையாள எண்ணும் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்தேன். ஒரு தாதி சிரித்துக்கொண்டே, படித்துப் பாருங்கள், நாங்களும் அதைத்தான் இரண்டு பேராகப் பார்க்கிறோம் என்றார்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்துவிட்டு சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். வாய் இன்னும் சரியாகத் திறக்காததால் அவள் போனில் எழுதியே பேசினாள். குமரன் காலையில் வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்து, மிக்சியில் அடித்து, இரண்டு முறை வடிகட்டி எடுத்து வருவார். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் உறிஞ்சி, அவள் கன்னத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுவார். ஒரு சொட்டு வழிந்தாலும் துடைப்பார். அவர் கை கிட்டே போகும்போது அவள் ஒதுங்குகிறாளா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒதுங்கவில்லை. அவர் தாமதித்தால் இன்னும் என்று கண்ணால் கேட்டாள்.

அன்று மதியம் அவர் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் அவளிடம் கேட்டேன். "ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு போனைத் திருப்பினாள். "சொன்னேன். டெஸ்ட் அன்னிக்குக் காலைல. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவள் எழுதிக் காட்டினாள். எட்டு மாதத்துக்கு முன், கணிதத் தேர்வு நாளன்று, பல் வலிக்கிறது என்று சமையலறைக்கு வந்திருக்கிறாள். டெஸ்ட் இருக்கிற நாள் பார்த்து எப்படி உனக்குப் பல் வலிக்கிறது, ஸ்கூலுக்குப் போகாமல் பொந்தெங் போட வேறு காரணம் கண்டுபிடி என்று சொல்லிவிட்டு, நான் கார்ச் சாவியை எடுத்திருக்கிறேன். அவ்வளவுதான். எனக்கு அது ஒரு சாதாரணக் காலை.

அதன் பிறகு நடந்ததை எல்லாம் அந்த ஐந்து நாளில் துண்டு துண்டாக எழுதினாள். இடது பக்கம் மெல்லுவதையே விட்டிருக்கிறாள். கன்டீனில் குளிர்ந்த எதையும் குடிக்க முடியாது. ரொட்டியை ஊறவைத்து விழுங்கியிருக்கிறாள். பல்லில் குழி விழுந்த பிறகு வாயில் நாற்றம் வந்தது. ஒரு நாள் பக்கத்து மேசைத் தோழி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அன்று வாங்கியதுதான் முதல் புதினா மிட்டாய். அந்த இனிப்பே சொத்தையை இன்னும் வேகமாக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மலாய் வாய்மொழித் தேர்வில் எழுந்து நிற்கவே மாட்டேன் என்றதற்கு, திமிர் பிடித்தவள் என்று ஆசிரியர் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். முன்பல் ஓரத்திலும் ஒரு கருப்புக் கோடு விழுந்திருந்தது. அதற்குத்தான் முகக்கவசம். போனில் அவள் ஒளித்து ஒளித்துப் படித்ததெல்லாம், வீட்டிலேயே சொத்தையைச் சரிசெய்வது எப்படி என்பது பற்றி.

பள்ளிக்கு வந்த பல் மருத்துவக் குழுவினர் பெற்றோரிடம் காட்டச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அதை அவள் என்னிடம் தரவில்லை. ஏன் என்று கேட்டேன். "நானே எழுதிட்டேன்னு சொல்வீங்க" என்று தட்டினாள். நான் மறுக்கவில்லை. சொல்லியிருப்பேன்.

கன்னம் வீங்கியபோது, எங்களில் யாரிடமும் பல் என்று சொல்ல அவளுக்குத் துணிவில்லை. வெள்ளிக்கிழமையே லேசாக வீங்கியதைக் கவனித்துக் கேட்ட அப்பாவிடம் பாத்ரூம் என்றும், மறுநாள் கேட்ட என்னிடம் பந்து என்றும் சொல்லியிருக்கிறாள். நாங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் அதைப் பேசிக்கொள்ள மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

வார்டுக்கு மாறிய மறுநாள் சமூகநல அதிகாரி வந்து, கைத் தழும்பைப் பற்றி என் முன்னாலேயே கேட்டார். தர்ஷினி சட்டையை விலக்கி, தன் வலது கையால் இடது மேல்கையை அழுத்திப் பிடித்துக் காட்டினாள். நான்கு விரலும் கட்டைவிரலும் அந்தத் தழும்புகளின்மேல் அப்படியே பொருந்தின. வலி வரும்போது சத்தம் வெளியே வராமல் இருக்க அவள் தன்னையே அப்படிப் பிடித்துக்கொள்வாளாம். அதிகாரி கோப்பில் ஏதோ எழுதி, இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என்றார். அடுத்த பிள்ளை இப்படி வந்தாலும் இதேதான் கேட்போம் என்றும் சொன்னார். கேளுங்கள் என்றேன். அத்தனை நாளில் யாரிடமும் சந்தேகம் இல்லாமல் நான் சொன்ன முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

எட்டாம் நாள் மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் நான்கு பற்களில் சொத்தை தொடக்கநிலையில் இருக்கிறது, அடைத்துவிடலாம் என்று சொல்லி, மருத்துவர் பல் பிரிவில் நாள் குறித்துக் கொடுத்தார். முன்பல் கோட்டையும் சரிசெய்யலாம் என்றபோது தர்ஷினி அவரிடம் அதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

காரில் ஏறினோம். தர்ஷினி பின்னால் தலையணையோடு சாய்ந்திருந்தாள். குமரன் வண்டியைக் கிளப்பி, பின்னால் எடுக்கக் கண்ணாடியைச் சரிசெய்தார். இனியும் சொல்லாமல் இருந்தால் எப்போதுமே சொல்ல மாட்டேன் என்று பட்டது.

"அன்னிக்கு டாக்டர் என்கிட்ட, நீங்க அவளை அடிப்பீங்களான்னு கேட்டாங்க. நான் தெரியலன்னு சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடியை விட்டுக் கையை எடுக்கவில்லை. "தெரியும். அந்த ஆபீசர் கேட்ட விதத்துலயே தெரிஞ்சிச்சு."

"ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?"

"எப்படிக் கேக்கறது, விமலா? என்கிட்ட உன்னைப் பத்திக் கேட்டாங்க. சின்னப் பிள்ளையா இருக்கும்போது நீ ரோத்தான் பிரம்பை எடுப்பேன்னு சொன்னேன். கோபம் வந்தா உனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொன்னேன்." அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி மீண்டும் ஏற்றினார். "நீதான் அடிச்சிட்டுப் பந்துன்னு சொல்றியோன்னு நினைச்சேன். அவ எழுதிக் காட்டினதைப் பார்க்கிற வரைக்கும்."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ரோத்தான் உண்மைதான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, நிறுத்துமிடத்திலேயே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் இடத்துக்காக ஒரு கார் பின்னால் வந்து காத்து நின்றது.

பின்னாலிருந்து தர்ஷினி பேசினாள். தாடை பாதிதான் அசைந்தது, ஆனால் குரல் அவளுடைய குரல்.

"ரெண்டு பேரும் எல்லாரையும் சந்தேகப்பட்டீங்க. பல்ல மட்டும் ஒருத்தரும் சந்தேகப்படல."

குமரனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. நான் சிரித்தேனா அழுதேனா என்று சரியாகச் சொல்ல முடியாது. சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது என்று அவள் கழுத்துக் கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பி, ரொம்ப வலிக்குதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் என்றாள்.

குமரன் இன்ஜினை அணைத்தார். காத்திருந்த காருக்குக் கையசைத்து, போகவில்லை என்று சொன்னார். கதவைத் திறந்து, அவளை மெதுவாக இறக்கி, அந்த வலியை டாக்டரிடம் காட்ட மூன்று பேரும் வார்டுக்கே திரும்பி நடந்தோம்.